சுவரைப் பார்த்து நின்ற சைக்கிள்

கோப்பாய்ச் சந்தியைத் தாண்டும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மத்தியானம் மானிப்பாயில் இருந்து கிளம்பியவன் நடந்துகொண்டே இருந்தேன். தோளில் ஒரு உரப்பை. அதற்குள் இரண்டு சாரம், ஒரு சேட்டு, பாதிச் சவர்க்காரம். பின்னால் இருந்து யாரும் கூப்பிடவில்லை. வேலை தந்தவர் கூப்பிட மாட்டார் என்று தெரிந்தும் நல்லூர் வரைக்கும் இரண்டு மூன்று தரம் திரும்பிப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

கால்தான் சொல்வழி கேட்கவில்லை. நாலு மாதம் ஒரே இடத்தில் நின்ற சைக்கிளை மிதித்த கால். மிதித்தால் ஏதோ ஒன்று சுழல வேண்டும் என்று பழகிவிட்டது. தார் போன ரோட்டில் அது எதையும் சுழற்றாமல் என்னை மட்டும் கொண்டுபோனது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு உப்பளம், சுண்ணாம்புச் சூளை, லொறி, மரக்காலை, பேக்கரி என்று ஒன்றிலும் ஆறு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. சில இடங்களில் சாப்பாடு சரியில்லை. சில இடங்களில் முதலாளி சரியில்லை. பல இடங்களில் நான் சரியில்லை. ஏச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்த இடங்கள்தான் அதிகம். ஏச்சு விழவில்லை என்பதற்காக நான் விட்டுவிட்டு வந்த இடம் அது ஒன்றுதான்.

அங்கே எனக்கு வேலை தந்தவரைப் 'பல்லு மிஸி' என்பார்கள். எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிஸி என்றுதான் கூப்பிடுவது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் பல் அடைத்துவிடுவதற்கென்றே அரசாங்கம் படிப்பித்து அனுப்பிய பெண்களில் அவர் ஒருவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். தனியாள். பல் வைத்தியர்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய் முடிந்த பிறகு, பெரியவர்களின் வாய்களும் அவரிடம் வரத் தொடங்கின. சட்டப்படி பன்னிரண்டு வயதுக்கு மேல் அவர் கை வைக்கக்கூடாது. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வருகிற எல்லாரையும் பன்னிரண்டு வயதுக்குள் வைத்துக்கொண்டார்.

"ஆ காட்டு ராசா. இன்னும் பெரிசா. ஆனை வாய்."

"மிஸி, நான் ரிட்டையரான தலைமை வாத்தியார்."

"ஓம், வாத்தியார் ராசா. வாயைத் திற."

கதிரையும் அதற்கு ஏற்றதுதான். பள்ளிக்கூடம் அகதி முகாமானபோது, உடைந்துபோகாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அதிபர் கொடுத்துவிட்ட பிள்ளைகளின் பல் கதிரை. அதில் பெரிய மனிதர்கள் முழங்கால் நாடியில் முட்ட இருப்பார்கள். அப்படி மடிந்து இருந்தவுடனேயே அரைவாசி அதிகாரம் போய்விடும். மீதியை மிஸி எடுத்துவிடுவார்.

அழாமல் இருந்த பிள்ளைகளுக்கு முன்பு பஞ்சில் பொம்மை செய்து கொடுப்பாராம். பொருளாதாரத் தடை வந்த பிறகு பஞ்சுக்கு எங்கே போவது? பழைய தாளைக் கிழித்து நீலப் பென்சிலால் ஒரு நட்சத்திரம் போட்டு, 'கெட்டிக்காரன்' என்று எழுதிக் கொடுப்பார். அந்தத் துண்டு கைக்கு வரும்வரை எழும்பாமல் இருந்த பஸ் சாரதி ஒருவரை எனக்குத் தெரியும். அதை லைசென்சுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

நான் அவரிடம் போனதும் பல்லுக்குத்தோடுதான். கடைவாய்ப் பல். கழற்றிவிடச் சொன்னேன்.

"கழட்டுறதெண்டால் சந்தியிலை ஒராள் இருக்கிறார். ஒரு நிமிசத்து வேலை. திரும்பப் பூட்டுவாரோ எண்டு கேட்டுப்போட்டுக் கழட்டு" என்றார்.

இதே பதிலைப் பிறகு நூறு பேருக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் பல் பிடுங்கி நான் பார்த்ததில்லை. நாலு துண்டாய்ப் போன பல்லையும் வெளிச்சத்தில் பார்த்து, தட்டி, மணந்து, "வேர் நல்லாத்தான் இருக்கு" என்பார். அதற்குப் பிறகு அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரன் சொல்வது எதுவும் காதில் விழாது. எனக்கும் அப்படித்தான் அடைத்துவிட்டார். இப்போதும் இருக்கிறது. நாக்கு போய் அதைத் தடவிவிட்டு வரும்.

அடைத்து முடித்து என்னை எழுப்பியவர் என் வாயைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"கெண்டைக்கால் நல்லாயிருக்கு. வேலை இருக்கோ?"

"இல்லை."

"பின்னை ஏறு."

ஏறச் சொன்னது சைக்கிளில். கரண்ட் இல்லாத காலம் அது. பள்ளிக்கூடத்தில் அவர் வைத்திருந்தது காலால் மிதித்து ஓட்டுகிற பழைய ட்ரில். "பிள்ளையளின்ரை பல்லுக்கு என்ரை கால் காணும். உங்கடை பல்லுக்கு ஆம்பிளைக் கால் வேணும்" என்று சொல்லி, ஒரு சைக்கிளின் பின்சில்லை நிலத்தில் படாமல் தூக்கிக் கட்டி, டயரைக் கழற்றி, தையல் மெசின் பெல்ட்டை அதில் பூட்டி, ட்ரில்லோடு இணைத்திருந்தார். சைக்கிளை மிதித்தால் மிஸியின் கையில் பல்லைக் குடைகிற ஊசி சுழலும். அதுவரை மிதித்தவர் பக்கத்து வீட்டுக்காரர். முழங்கால் வருத்தம் என்று எனக்கு இடம் விட்டு எழும்பினார். ஆனால் காரணம் முழங்கால் மட்டுமல்ல.

"அவர் நல்ல மனிசன். நல்ல மனிசர் இந்த வேலைக்குச் சரிவராது" என்றார் மிஸி. "நோகுது எண்டு சத்தம் கேட்டால் நீ என்ன செய்வாய்?"

"மெதுவாய் மிதிப்பன்."

"அங்கைதான் பிழை. மெதுவாய்ச் சுத்தினால் ஊசி பல்லைக் கடிச்சு இழுக்கும். கெதியாய்ச் சுத்தினால் வெட்டிப்போட்டுப் போயிடும். இரக்கமெண்டால் கெதியா மிதிக்கிறது. விளங்கிச்சோ?"

"ஓம் மிஸி."

"விளங்கேல்லை. அதுதான் சைக்கிளைச் சுவரைப் பார்க்க வைச்சிருக்கிறன்."

உண்மைதான். கதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சைக்கிள் நின்றது. எனக்கு முன்னால் வெறும் சுவர். அதில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம். பல் துலக்கும் பெடியன் ஒருவன் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான். அதைத் தவிர பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. "கெதி" என்றால் கெதி. "நில்" என்றால் நில். மூன்று நேரம் சாப்பாடு, விறாந்தையில் படுக்கை. எங்கும் நிற்காத என்னை எங்கும் போகாத சைக்கிளில் ஏற்றிவிட்டார் என்று ஊரில் பகிடி பண்ணினார்கள்.

ஒருநாள் குண்டு போடுகிற பொம்மர் வந்தது. வாத்தியார் ராசாவின் பல் திறந்தபடி இருந்த நேரம். எல்லாரும் முற்றத்தில் வெட்டியிருந்த பங்கருக்கு ஓடினோம். மிஸி கராம்பெண்ணெய்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்தார். இருட்டுக்குள் நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடக்க, அவர் வாத்தியாரின் தாடையை விடவில்லை.

"வாயை மூடாதை ராசா. துப்பல் பட்டால் திரும்பவும் முதல்லை இருந்து தொடங்கவேணும்."

"மிஸி… குண்டு…"

"குண்டு விழேக்கையும் வாயைத் திறந்து வைச்சிருக்கத்தான் சொல்லுறவை. காதுக்கு நல்லதாம். ஆ."

குண்டு எங்கோ விழுந்தது. மண் கொட்டியது. அவர் உள்ளங்கையை விரித்து அந்த வாய்க்கு மேலே குடை மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கைதான் அவருக்கு என்று இருந்த ஒரே பெருமை. மெலிந்த கை, நீளமான விரல்கள். "மிஸியின்ரை கை பிசகாது" என்று சொல்லித்தான் தூரத்து ஊர்களில் இருந்தும் சனம் வந்தது. யாராவது முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கையைத் தூக்கி, அது வேறு யாருடையதோ போல ஒருதரம் பார்ப்பார். பின்னேரங்களில் தேங்காயெண்ணெய் தடவி விரல் விரலாக நீவிவிடுவார். தன்னுடைய பல்லுக்கு அந்தக் கை உதவவில்லை. கீழ்க் கடைவாயில் அவருக்கு ஒரு சொத்தை இருந்தது. "தன்ரை பல்லைத் தானே அடைக்க ஏலுமே?" என்பார். எந்நேரமும் கன்னத்துக்குள் ஒரு கராம்பு இருக்கும். ஒரு பக்கத்தால் மட்டும் சாப்பிடுவார்.

குருநகரில் இருந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூட முகாமில் இருந்த ஒரு தாயும் மகளும் வந்தது என்னுடைய நாலாவது மாதத்தில். மகளுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். மேல் முன்பல் இரண்டில் ஒன்றின் ஓரம் கறுத்துக் குழிந்திருந்தது.

"மூண்டாம் கலியாண ஓலையும் கோயிலிலை வாசிச்சாச்சு மிஸி. வாற திங்கள் கலியாணம்" என்றாள் தாய். "உந்தக் கறுப்பைக் கழட்டிப்போட்டு வெள்ளைப் பல்லொண்டு வைச்சு விடுங்கோ. ஒரு பிலிம் றோல் படாத பாடுபட்டு எடுத்து வைச்சிருக்கிறம். போட்டோ வெளிநாட்டிலை தமையனுக்குப் போகவேணும்."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமோ?"

"அவர் இவள் வெக்கத்திலை வாயைப் பொத்திறாள் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

மிஸி சிரித்தார். பிறகு மகளைப் பார்த்தார். "பிள்ளை, நீ சொல்லு. கழட்டவோ?"

"அம்மா சொன்னால்…"

"அம்மான்ரை பல்லில்லை. உன்ரை பல்லு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கழட்ட விருப்பமில்லை மிஸி. சிரிக்கேக்கை கையை எடுக்கவேணும். எனக்கு அவ்வளவுதான்."

மிஸி பங்கருக்குள் இறங்கிப்போய் ஒரு சின்னப் போத்தலை எடுத்துவந்தார். முன்பல்லுக்கு அடைக்கிற வெள்ளைச் சீமெந்து. இனி வராத சாமான். அடியில் மிச்சம் இருந்தது இரண்டு பல்லுக்குக் காணும். யாருக்குக் கொடுப்பது என்று மாதக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்ததை, அவள் சொன்ன அந்த ஒரு சொல்லுக்காக வெளியே எடுத்தார்.

முதல் நாள் துப்புரவாக்கிக் கராம்பெண்ணெய் வைத்து அனுப்பினார். அடுத்த தரம் வந்தபோதுதான் ட்ரில். அன்றைக்கு என்னிடம் தனியாகச் சொன்னார். "ஓரம் முட்டைக்கோது மாதிரி இருக்கு. கெதி குறையப்படாது, தம்பி."

ஒரு விசயத்தை நான் இதுவரை சொல்லவில்லை. மிஸிக்கும் சொல்லியிருக்கவில்லை. படத்தின் கண்ணாடியில் கதிரை தெரியும். எனக்குப் பின்னால் இருந்த ஜன்னல் வெளிச்சத்தில், சிரிக்கும் பெடியனின் முகத்தின் மேல் நோயாளியின் முகம் விழும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே அதைக் கண்டுவிட்டேன். ஐயோ என்று கத்துபவர்களை எத்தனை தரம் பார்த்தும் என் கால் மாறவில்லை. கத்துகிறவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்வான்.

அவள் கத்தவில்லை. சத்தமே இல்லை. கதிரையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பெடியனின் சிரிப்புக்கு நடுவே கண்ணீர் மட்டும் காதுப்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"கெதி" என்றார் மிஸி.

கேட்டது. கால் கேட்கவில்லை.

"தம்பி, கெதி—"

டிக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம். நகம் வெட்டுவது போல.

தாய் இருந்த வாங்கை விட்டு எழும்பினாள். "என்ன மிஸி? என்ன சத்தம் அது?"

மிஸி சின்னக் கண்ணாடியை உள்ளே வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"என்ரை கை பிசகிப்போச்சு, பிள்ளை. பல்லின்ரை மூலை கழண்டிட்டுது."

"சேசுவே!" என்று தாய் தலையில் கை வைத்தாள். "சின்னப் பிள்ளையளுக்கு அடைக்கிற கையை நம்பி வந்தனே! திங்கள் கலியாணம் மிஸி! கழட்டுங்கோ எண்டு நான் முதலிலேயே சொன்னனானெல்லோ!"

நான் வாயைத் திறந்தேன். மிஸி திரும்பிப் பார்க்காமலே, "நீ மிதி" என்றார்.

மிதித்தேன். துளையைத் துப்புரவாக்கி, வெள்ளைச் சீமெந்தை வைத்து அடைத்து முடித்தார். கறுப்புப் போய்விட்டது. பல் போகவில்லை. ஆனால் கீழ் மூலை இல்லை. அதைக் கட்டி எழுப்பும் பலம் அந்தச் சீமெந்துக்கு இல்லை. மிஸி இரண்டு முன்பல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, பக்கத்துப் பல்லின்ரை மூலையையும் ஒரு துளி உருட்டி விடட்டோ? ரெண்டும் சோடியாய் இருக்கும். இது நோகாது."

அவள் தலையாட்டினாள். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அந்த நாலு மாதத்தில் மிதிக்காத வேகத்தில் மிதித்தேன்.

கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அவள் நீண்ட நேரம் பார்த்தாள். பல்லைக் காட்டினாள். உதட்டை மூடினாள். திரும்பக் காட்டினாள். பிறகு சிரிப்பு வந்தது. கை பழக்கத்தில் பாதி தூரம் எழும்பி, நின்று, மடியில் போய் விழுந்தது.

"ஒண்டுக்கு ரெண்டாய்க் கெடுத்துப்போட்டா" என்றாள் தாய்.

"அம்மா, கத்தாதேங்கோ. நல்லாத்தான் இருக்கு."

"உனக்கென்ன தெரியும்? நட. இந்த மனிசிக்குக் கை ஆடுதெண்டு நான் முகாம் முழுக்கச் சொல்லாமல் விடமாட்டன்."

மிஸி நீலப் பென்சிலை எடுத்து, நட்சத்திரம் போட்டு, 'கெட்டிக்காரி' என்று எழுதி நீட்டினார். தாய் இழுத்த இழுப்பில் அவள் அதை வாங்கிக்கொண்டே போனாள்.

அவர்கள் போன பிறகு மிஸி ஊசிகளைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"படத்திலை தெரியுதோ?" என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் சைக்கிளை விட்டு இறங்கினேன்.

"எத்தினை நாளாய்?"

"ரெண்டாம் நாளிலை இருந்து, மிஸி."

வந்து படத்தை ஆணியில் இருந்து கழற்றினார். திருப்பி, முதுகுப்பக்கம் தெரிய மாட்டினார். பின்பலகையில் சிலந்தி வலையும் இரண்டு பல்லி முட்டையும் இருந்தன. முட்டையை அவர் தொடவில்லை.

"நாளைக்கு ஏழு மணிக்குத் தபால்காரர் வருவார். கடைவாய்ப் பல்லு, கஸ்ரமான வேலை. நேரத்துக்கு ஏறு. புட்டு மூடி வைச்சிருக்கிறன். சாப்பிடு."

அவ்வளவுதான். ஊசிகளை அவிப்பதற்குப் பின்பக்கம் போய்விட்டார். சுண்ணாம்புச் சூளையில் முதலாளி மண்வெட்டிப் பிடியால் அடித்தார். அடுத்த நாளும் நான் வேலைக்குப் போனேன். மிஸி கழுதை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு இருந்திருப்பேன். அவர் செய்ததெல்லாம் பிழையைத் தன் கையில் போட்டுக்கொண்டதும் படத்தைத் திருப்பியதும்தான். நான் புட்டைச் சாப்பிட்டேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பல வருடம் கழித்து வவுனியாத் தேத்தண்ணிக் கடையில் மானிப்பாய்க்காரர் ஒருவரைச் சந்தித்தேன். நானாகத்தான் கேட்டேன்.

"பல்லு மிஸியோ? கெட்டிக்கார மனிசி. கடைசியிலை கை பிசகத் தொடங்கிட்டுதாம். ஒரு கலியாணப் பெம்பிளையின்ரை பல்லைப் பழுதாக்கிப் போட்டாவாம். பிறகு சனம் அவ்வளவாய்ப் போறேல்லை."

நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அங்கே சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: அவருடைய கை பிசகவில்லை. நான் இருந்த நாலு மாதத்தில் ஒருநாள்கூடப் பிசகவில்லை. பிசகியது என்னுடைய கால். இதற்கு வாய் திறக்க எனக்கு இவ்வளவு காலம் சென்றிருக்கிறது.

மிஸியை விட்டு வந்த அன்றைக்கு இருட்டும் நேரம் வல்லை வெளியைக் கடந்தேன். உடுப்பிட்டியில் பூட்டியிருந்த ஒரு கடை விறாந்தையில் படுத்தேன். விடியும்போது தோட்டக்காரர் ஒருவர் காலால் தட்டி எழுப்பினார்.

"துலா மிதிப்பியோ?"

"மிதிப்பன்."

மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணி மெசின்கள் படுத்திருந்தன. மூலையில் கிடந்த துலாக்களைத் திரும்பப் பூட்டியிருந்தார்கள். கிணற்றுக்கு மேலே நீட்டிய நீண்ட மரத்தில் ஏறி, கிணற்றுப் பக்கம் நடந்தால் வாளி கீழே போகும். திரும்பி நடந்தால் மேலே வரும். கீழே நின்று வாளியைப் பிடித்து ஊற்றியது தோட்டக்காரர்தான். வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. ஒவ்வொரு வாளிக்கும் பல்லைக் கடித்தார். நான் கிணற்றுப் பக்கம் வரும்போதெல்லாம் அந்த முகம் தெரிந்தது.

வெயில் பனை உயரத்துக்கு வந்துவிட்டது. ஏழு மணி இருக்கும். தபால்காரர் சின்னக் கதிரையில் முழங்காலை மடித்துக்கொண்டு ஆ காட்டியிருப்பார்.

திரும்பி நடக்கும்போது கால் மெதுவாகியது.

"டேய், நடுவிலை ஏன் நிக்கிறாய்?" என்று கீழே இருந்து சத்தம் வந்தது. "நீ மெதுவாய் நடந்தால் வாளி முழுக்க என்ரை கையிலையெல்லோ தொங்குது! கெதியா மிதி!"

அடுத்த தரம் கிணற்றுப் பக்கம் வரும்போது நான் தலையை நிமிர்த்தி, அவருக்கு மேலால் தெரிந்த பனை வட்டின் ஓலைகளைப் பார்த்துக்கொண்டு கெதியாக மிதித்தேன்.